காடியில் ஓடும் சிறுதேர்

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் ஒரு சிறு காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறார். முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட, மகளிர் தம் காதில் அணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. வகுப்பறையில் நாம் இக்காட்சியைப் பெரும்பாலும் சோழநாட்டுச் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே விளக்குகிறோம். குழையைக் காட்டும் நாம் தேரைக் காட்டுவதில்லை. மூன்று காலுடைய முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாது நிற்பது போல, மூன்று சக்கர வண்டியும் எல்லாச் சக்கரங்களும் தரையில் படிய ஓடும். அச்சிறுதேரைச் செய்தவன் இதனை அறிந்தே செய்திருத்தல் வேண்டும்.

குறுந்தொகையிலும் தச்சன் செய்து கொடுத்த சிறுவண்டியைச் சிறுவர் கையால் இழுத்து மகிழும் காட்சி உண்டு. பிள்ளைத்தமிழில் ஆண்பாற்குரிய பருவங்களுள் ஒன்று சிறுதேர். அவ்விலக்கிய வகையை இசுலாமியப் புலவர்களும் விரும்பி ஏற்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் பாடினர். ஆகவே சிறுவர் உருட்டும் சிறுதேரைப் பற்றித் தமிழ்த்துறை மலர் ஒன்றில் எழுதுவது மரபுக்குப் புறம்பான செயலன்று. ஆயினும் நாம் இங்கு எழுதப் புகுவது மின்சாரத்தால் ஓடும் இக்காலச் சிறுதேர் ஒன்றைப் பற்றி. அதன் வாயிலாக, நம் பிள்ளைகளின் கைகளைப் பற்றி.

திருவையாற்றில் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லம் உண்டு. குடும்பத் தலைவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். விடுமுறையில் வந்தபோது இளைய மகனுக்குப் பந்தயக் கார்த் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தார். எட்டு வடிவில் பூட்டத்தக்க கறுப்புத் தடம், இரண்டு கார்கள், இரண்டு கைவிசைகள், ஒரு மின்மாற்றி. ஒரு மாதம் வீடே அதனைச் சுற்றி நின்றது. பின்னர்க் கார்கள் தயங்கின. நின்று நின்று ஓடின. ஒருநாள் அடியோடு நின்றன. தந்தை தொலைபேசியில், "கெட்டுப் போய்விட்டது, அடுத்த முறை வேறு வாங்கி வருகிறேன்" என்றார். தொகுப்பு அலமாரியின் மேல் ஏறியது.

நாம் அவ்வில்லம் சென்ற நாளில் அதனைக் கீழே இறக்கியவன் மூத்த மகன். அவன் நம் மாணவன். இயற்பியல் தாளில் இரண்டு முறை தேறாதவன். அதனால் வீட்டில் தலைகுனிந்து நடப்பவன். அடுத்த வீட்டு முதிய தச்சரும் அப்போது அங்கு வந்திருந்தார். தடத்துண்டு ஒன்றைக் கையிலெடுத்து, நடுவில் நீளச் செல்லும் பள்ளத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்து, "இது காடிதானே தம்பி! ஜன்னல் பலகை ஓடுகிற மாதிரி இதில் வண்டி ஓடுகிறது" என்றார்.

ஆங்கிலத்தில் 'ஸ்லாட்' என்று வழங்குவதற்குத் தமிழ்ச்சொல் தேடி நாம் அகராதியைப் புரட்டியிருப்போம். அவரோ நகத்தால் தடவியே சொல்லிவிட்டார். புளித்த கஞ்சிக்கும் காடி என்று பெயருண்டு. தச்சர் வழக்கில் அது பலகையில் எடுத்த நீள்பள்ளத்தைக் குறிக்கும். இனி இக்கட்டுரையில் இவ்வண்டியைக் காடிக்கார் என்றே வழங்குவோம்.

காடிக்காரின் வரலாறு சுருக்கமானது. பிரெட் பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேயர் 1952இல் 'ஸ்கேலக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில்லால் ஓடும் கார்ப் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுருள்வில் வண்டியை ஒருமுறை விட்டுவிட்டால் பிறகு பார்த்திருப்பதன்றி வேறு வேலையில்லை. எனவே அவர் அதில் மின்மோட்டாரைப் பொருத்தி, காடியுள்ள தடத்தில் ஓடவிட்டு, வேகத்தை ஓட்டுபவர் கையில் கொடுத்தார். 1957இல் வெளிவந்த அத்தொகுப்பே 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்'. உண்மைக் காரின் அளவில் 32இல் ஒரு பங்காக அமைப்பது இன்றும் பெருவழக்கு. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் இதில் 14 சென்டிமீட்டராகும்.

இதன் இயக்கம் எளிது. காடியின் இருபுறமும் உலோகப் பட்டைகள் ஓடுகின்றன. காரின் மூக்கடியில் ஒரு மெல்லிய வழிகாட்டித் தகடு காடிக்குள் இறங்கி நிற்கும். அதன் இருபக்கமும் செம்புக் கம்பிப் பின்னல்கள் பட்டைகளை உரசிச் செல்லும். ஒரு பட்டையிலிருந்து ஏறும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றி மறு பட்டைக்குத் திரும்பும். மின்னழுத்தம் ஏறக்குறைய 12 வோல்ட்டே. விரலால் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். காடி காரைத் திருப்பித் தரும், ஆனால் காப்பாற்றாது. வளைவில் அளவு மீறினால் தகடு காடியை விட்டுக் கழன்று, கார் வெளியே போய் விழும். மழைக்குப் பின் இறுகிய வண்டித்தடத்தில் மாட்டுவண்டியின் சக்கரம் இறங்கி ஓடுவதைக் கண்ட தஞ்சை மாவட்டத்தாருக்கு இவ்வமைப்பு புதிதன்று.

அன்று மாலை நம் மாணவன் திருப்புளியை எடுத்துக் காரைக் கவிழ்த்தான். செம்புப் பின்னல்களில் தலைமயிரும் விரிப்பின் நூலும் சுற்றிக் கரியேறியிருந்தன. அவற்றை நீக்கி, பின்னலை விசிறிபோல் விரித்துவிட்டான். பட்டைகளைத் துணியால் துடைத்தான். கார் ஓடியது. பெரும்பாலோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். அவனோ, "இன்னும் நன்றாக ஓட வைக்கலாம் ஐயா" என்றான். காடிக்காரின் கல்வி இங்குதான் தொடங்குகிறது.

ஒரு காரைச் செப்பம் செய்வதற்குச் 'சுருதி சேர்த்தல்' என்பதே நமக்குப் பொருந்திய உவமை. தியாகராசர் ஆராதனை நடக்கும் ஊரில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் காணாதவர் இலர். பிருடையைச் சிறிது திருகுவர், மீட்டிக் கேட்பர், நரம்புக்கும் குதிரைக்கும் இடையே உள்ள நூலை இம்மியளவு நகர்த்துவர், மீண்டும் கேட்பர். ஒரு நேரத்தில் ஒரு நரம்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் ஒரு கேள்வி. நம் மாணவன் இரண்டு வாரம் செய்ததும் அதுவே.

முதலில் சக்கரங்களைப் பார்த்தான். பின் சக்கரத்து ரப்பர் முழுவட்டமாக இல்லை. கார் துள்ளியதற்கு அதுவே காரணம். தரையில் உப்புத்தாளை ஒட்டி, சக்கரத்தை அதன்மேல் மெல்லப் படியவிட்டு மோட்டாரை ஓட்டினான். ரப்பர் தேய்ந்து வட்டமானது. அடுத்து, உடற்கூட்டை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினான். கூடு சற்றே ஆட இடம் கிடைத்ததும் தடத்தின் அதிர்வு சக்கரத்தை அலைக்கவில்லை. இறுக்குவதே நன்மை என்று எண்ணும் நமக்கு இது வியப்பாயிருந்தது. முதிய தச்சருக்கு வியப்பில்லை. மாட்டுவண்டியின் குடத்துக்கும் இருசுக்கும் இடையே உரிய இடைவெளி விடாவிட்டால் வண்டி ஓடாது, முனகும் என்றார். இருசுக்கு மை இடுவது போல் பின் அச்சின் இருமுனையிலும் ஒரு துளி எண்ணெய் விடச் சொன்னவரும் அவரே. ஒரு துளிதான், மிகுந்தால் எண்ணெய் ரப்பரில் தெறித்துப் பிடிமானம் போய்விடும்.

பின்னர் எடை. காரை அழுத்திப் பிடிக்க ஈயத் துண்டு ஒட்டுவது வழக்கம். அவன் முதலில் அதனைப் பின்கோடியில் ஒட்டினான். வளைவில் கார் வாலை வீசிக்கொண்டு வெளியே போயிற்று. அவனுடைய குறிப்பேட்டில் அன்றைய வரி, எடை கூட்டியதால் நேரமும் கூடியது என்பதே. அந்த வரியை அவன் அடித்துவிடவில்லை. மறுநாள் ஈயத்தை அடிச்சட்டத்தின் நடுவில், இயன்ற அளவு தாழ்வாக, வழிகாட்டித் தகட்டுக்குச் சற்றுப் பின்னே ஒட்டினான். கார் வளைவில் நின்றது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளுள் உருண்டை அடியுடைய வகையை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்பது எதனால்? அடியில் வைத்த களிமண் எடை ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தியதனால். நம் மாவட்டக் கைவினைஞர் பொம்மையில் வைத்த அறிவை அவன் தானே தன் காரில் கண்டுகொண்டான்.

கடைசியாகப் பற்சக்கரம். மோட்டாரின் அச்சில் 9 பற்கள், பின் அச்சில் 27 பற்கள். மோட்டார் மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுழலும் எனக் கொண்டால் சக்கரம் 6,000 சுற்று. சக்கரத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர் எனில் சுற்றளவு ஏறக்குறைய 63 மில்லிமீட்டர். ஆக நிமிடத்துக்கு 377 மீட்டர். மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் சற்று மேல். சுமை ஏறும்போது மோட்டாரின் சுழற்சி குறையுமாதலால் தடத்தில் இவ்வேகம் முழுதும் கிட்டாது. 27க்குப் பதில் 30 பற்கள் இட்டால் உச்சவேகம் குறையும். வளைவை விட்டு வெளிவருகையில் விரைந்து முடுகும். நேர்வழி நீண்ட தடத்துக்கு ஒன்று, வளைவு மிகுந்த தடத்துக்கு மற்றொன்று. எது சிறந்தது என்ற கேள்விக்கு எந்தத் தடத்துக்கு என்று கேட்டறியாமல் விடையில்லை.

இக்கணக்கைத் தாளில் எழுதி முடித்தபின் அவன் நம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "ஐயா, பாடத்தில் நான் படித்தது இதைத்தானா?"

அக்கேள்வி நம்மை நாணச் செய்தது. நாம் தமிழாசிரியர், இயற்பியல் நம் துறையன்று. ஆயினும் இரண்டு முறை தேறாத ஒருவனின் கையில் திருக்கு விசையும் உராய்வும் ஈர்ப்பு மையமும் இருந்தன. அவற்றின் பெயர் மட்டும் அவனிடம் சேரவில்லை. குறை மாணவனிடத்தில் மட்டும்தானா? ஆய்வுக்கூடத்தில் வரவேண்டிய விடை முன்னரே தெரிந்திருக்கிறது. விடைக்கேற்பக் குறிப்பேடு நிரம்புகிறது. தவறிய அளவை எழுதி வைக்கும் துணிவுக்கு அங்கு மதிப்பெண் இல்லை. காடிக்காரோ பொய் சொல்லாது. கடிகாரம் காட்டும் பத்துச் சுற்றின் நேரத்தை எவராலும் திருத்த முடியாது.

நாம் சொல்ல வந்த கருத்து ஒன்றே. முடிந்த பொருளைப் பிள்ளையின் கையில் கொடுப்பது பரிசு. பிரித்துப் பூட்டத்தக்க பொருளைக் கொடுப்பது கல்வி. நம் சமுதாயத்தில் கடல் கடந்து உழைக்கும் தந்தையர் பலர். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவர்கள், பிரிவின் ஏக்கத்தையெல்லாம் பளபளப்பான பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவருகின்றனர். அந்த அன்பைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் பெட்டியைத் திறக்க அறிந்த பிள்ளை, பொருளைத் திறக்க அறியாது வளர்கிறது. பழுதானால் எறி, வேறு வாங்கு என்பதே அது கற்கும் பாடம். அதே பிள்ளை பிற்காலத்தில் பிறர் செய்த எந்திரத்தின்முன் கூலியாளாக நிற்க நேர்ந்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் முன்னோர் அவ்வாறு இருந்தாரல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவர் நுண்பொறிகளைப் பற்றி நூல் செய்தனர். அல்-ஜஸரி 1206இல் முடித்த நூல் நீர்க்கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலியவற்றின் அமைப்பை மட்டும் கூறி நில்லாமல், ஒவ்வோர் உறுப்பையும் எவ்வாறு செய்து எவ்வாறு பொருத்துவது என்று கைவினைஞன் பின்பற்றத்தக்க வகையில் விளக்குகிறது. மேடைகளில் இப்பெயர்களைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். அவர்கள் கையில் கருவி இருந்ததை மறந்துவிடுகிறோம்.

அண்மைக்காலச் சான்றும் நம் தமிழகத்திலேயே உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க இயலாத இளைஞரும் களமிறங்க அது வழிவகுத்தது. 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். அவ்வகைக் காரில் பந்தயம் ஓட்டத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். பக்கத்தில் கிடைத்த பொருளைப் பிரித்துப் பூட்டிய ஒரு கையே அந்நெடுவழியின் தொடக்கம்.

இதற்கு மறுப்புரைகள் எழும் என்பதை அறிவோம். பந்தயம் என்றாலே சூதன்றோ என்று பெரியோர் சிலர் வினவலாம். பணயம் வைத்தால் சூது, வைக்காவிடில் பயிற்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், அன்னையாரின் விளையாட்டுப் பொருள்களுள் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததைக் கண்டு புன்னகைத்ததையும் நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. ஆகவே விளையாட்டும் போட்டியும் நமக்கு விலக்கானவை அல்ல. விலக்கானது பணயமே.

இது வீண் செலவு என்பது அடுத்த மறுப்பு. வெளிநாட்டுத் தொகுப்பு விலை மிகுந்தது என்பது உண்மை. ஆனால் அதனை வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்று. அதில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்தில் காடி. நேர்க்காடியை இழைப்புளியாலும் வளைவுக் காடியை ரூட்டர் என்னும் மின்கருவியாலும் தச்சர் எடுத்துத் தருவார். காடியின் இருபுறமும் செம்பு ஒட்டுநாடா. கடையில் வாங்கிய 12 வோல்ட் மின்மாற்றி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆதலால் மின்மாற்றியை மட்டும் எவரும் பிரிக்கலாகாது. பழைய பொம்மையின் மோட்டார், பற்சக்கரம், ஒரு துண்டுத் தகடு. மேலை நாடுகளில் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் இன்றும் தம் தடங்களைத் தாமே இவ்வாறு செய்துகொள்கின்றனர்.

பிள்ளைகளுக்கு வேண்டியது நுங்குவண்டியே, இவ்வெந்திரம் எதற்கு என்பாரும் உளர். நுங்குவண்டியை நாம் தாழ்வாக எண்ணவில்லை. இரண்டு கோந்தைகளும் ஒத்த அளவில் இல்லாவிடில் வண்டி ஒருபக்கம் இழுக்கும் என்பதைக் காவிரிக்கரைச் சிறுவர் எந்நூலும் படியாமல் அறிந்திருந்தனர். அவ்வறிவின் அடுத்த படியே காடிக்கார். முதற்படியை ஏறியவர்க்கு அடுத்த படியை மறுப்பது முறையன்று.

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. கடல் கடந்து வாழும் பெற்றோர், அடுத்த முறை முடிந்த பொம்மைக்குப் பதில் பூட்டும் தொகுப்பு ஒன்றையும், அதனோடு ஒரு திருப்புளியையும் மகனுக்கும் மகளுக்கும் வாங்கி வருக. கல்லூரிகள் தம் அறிவியல் மன்றங்களில் ஒரு தடத்தை மாணவ மாணவியரே செய்து நிறுவ இடமளிக்க. ஊரிலுள்ள தச்சரையும் மெக்கானிக்கையும் அன்று ஆசிரியர் இருக்கையில் அமர்த்துக. மூன்றாவது, நம் தமிழ்த்துறைக்கு உரியது. குடம், ஆர்க்கால், இருசு, கடையாணி, காடி என்னும் சொற்கள் மாட்டுவண்டியோடும் முதியோரோடும் மறைந்து வருகின்றன. அவற்றைத் தொகுத்து, இன்றைய எந்திரத்துக்குப் பொருத்தி, ஒரு சிறு செய்முறை நூலைத் தமிழில் எழுதுவோம். சொல்லாக்கம் என்பது அறையில் அமர்ந்து படைப்பது மட்டுமன்று. நகத்தால் தடவிப் பார்த்தவரிடம் கேட்பதும் ஆகும்.

நம் மாணவன் அடுத்த தேர்வில் இயற்பியலில் தேறினான். காடிக்காரால்தான் தேறினான் என்று நாம் கூறமாட்டோம், அவன் உழைத்தான். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் இப்போது அவனைத்தான் அழைக்கின்றனர். தலைகுனிந்து நடந்தவன் கையில் திருப்புளியோடு நிமிர்ந்து வருகிறான். இளையவனோ தன் காரைத் தானே கவிழ்த்துப் பின்னலைத் துடைக்கிறான். வேறு வாங்கி வருகிறேன் என்ற தந்தையிடம், "வேண்டாம் அத்தா, ரப்பர்ச் சக்கரம் மட்டும் நான்கு வாங்கி வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னானாம்.

பட்டினப்பாலைச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடந்தது பகைவர் இட்ட தடையன்று; அன்புடைய தாயரின் பொற்குழை. இன்று நம் பிள்ளைகளின் வழியில் கிடப்பதும் நம் அன்பின் பொருளே. அதனை எடுத்து ஒருபுறம் வைப்போம். தேர் தானே ஓடும்.